கயிறு யார் கையில்?

ஜபல்பூரின் டவுன் ஹால் விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கியது. 1922-இல் அதன் மேல் ஒரு புதுக் கொடி ஏறியது. மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு, குறுக்கே ராட்டை. அன்றைய காங்கிரஸ் கொடி அதுதான். ஏற்றியவர்கள் கலகக்காரர்கள் இல்லை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களான நகராட்சி உறுப்பினர்கள்.

காந்தி அந்த ஆண்டு மார்ச் மாதம் கைதாகி ஆறு வருடத் தண்டனையோடு எரவாடா சிறையில் இருந்தார். ஒத்துழையாமை இயக்கம் நின்றுபோயிருந்தது. மறுபடி சட்டமறுப்பைத் தொடங்க நாடு தயாரா என்று பார்த்துவர, ஹக்கீம் அஜ்மல் கான் தலைமையில் காங்கிரஸ் ஒரு குழுவை ஊர் ஊராக அனுப்பியது. மோதிலால் நேரு, அன்சாரி, விட்டல்பாய் படேல் ஆகியோரோடு நம் பக்கத்திலிருந்து ராஜாஜியும் 'இந்து' ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்காரும் அதில் இருந்தார்கள். குழு ஜபல்பூர் வந்தபோது நகராட்சி வரவேற்புப் பத்திரம் வாசித்துக் கொடுத்தது. கையோடு டவுன் ஹாலில் கொடியையும் ஏற்றியது.

இன்றைக்கு நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சிக் கட்டடங்களின் மேல் பறக்கும் கொடிக்கு இருக்கும் விதிகளின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். புத்தகமாக அச்சான விதிகள் எல்லாம் பிறகு வந்தவை. சண்டை முதலில் வந்தது.

அந்தக் கூரை ஏன் அவ்வளவு பெரிய விஷயம் ஆயிற்று? 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்கு வழி திறந்துவிட்ட பிறகு, இந்தியர்கள் வாக்களித்து இந்தியர்கள் உட்கார்ந்த அரசு இடம் என்றால் பெரும்பாலும் நகராட்சிதான். தெருவிளக்கு, சாக்கடை, அம்மை குத்துதல், ஆரம்பப் பள்ளி என்று அதிகாரம் சிறியது. ஆனால் வீட்டுவரி வசூலித்துக் கட்டிய கட்டடம் அவர்களுடையது. அதே சமயம் மாவட்ட அதிகாரிக்கு நகராட்சியைக் கண்காணிக்கும், தீர்மானத்தை நிறுத்திவைக்கும் உரிமை இருந்தது. கட்டடம் ஊராருடையது, கண்டிப்பு சர்க்காருடையது. அப்படிப்பட்ட கூரையில் எந்தக் கொடி பறக்கிறது என்பதை வைத்து, ஆட்சி யாருடையது என்று தெருவில் போகிற எழுத்தறியாதவனும் சொல்லிவிடுவான். வெள்ளைக்காரருக்கு உறைத்ததும் அதுதான். செய்தி லண்டன் வரை போய் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. இனி இப்படி நடக்காது என்று அங்கே வாக்குறுதி கொடுத்தார்கள். லண்டனில் கொடுத்த வாக்கை ஜபல்பூரில் காப்பாற்றியாக வேண்டுமே!

1923 மார்ச்சில் ராஜேந்திர பிரசாத், ராஜாஜி உள்ளிட்ட தலைவர்கள் அந்த ஊருக்கு வந்தார்கள். மறுபடி டவுன் ஹாலில் கொடியேற்ற அனுமதி கேட்டபோது மாவட்ட அதிகாரி வைத்த நிபந்தனை சாதுரியமானது: உங்கள் கொடியை ஏற்றுங்கள், பக்கத்தில் யூனியன் ஜாக்கையும் ஏற்றுங்கள். காங்கிரஸ்காரர்கள் ஒப்பவில்லை. இரண்டும் சேர்ந்து பறந்தால் தங்கள் கொடி சர்க்கார் கொடிக்குத் துணைக்கொடி ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மார்ச் 18, காந்திக்குத் தண்டனை விதிக்கப்பட்டு ஒரு வருடம் நிறைந்த நாள். பண்டித சுந்தர்லால் தலைமையில் கொடியோடு ஊர்வலம் கிளம்பியது. கைதுகள் நடந்தன, சுந்தர்லால் சிறைக்குப் போனார்.

சண்டை அங்கிருந்து நாகபுரிக்கு நகர்ந்தது. மே 1 முதல், ஐரோப்பியர்கள் குடியிருந்த சிவில் லைன்ஸ் சாலை வழியாகக் கொடியோடு போவது என்று தினம் ஒரு தொண்டர் படை கிளம்பியது, தினம் கைதானது. போராட்டத்தை நடத்திய ஜம்னாலால் பஜாஜ் உள்ளே போனதும் வல்லபபாய் படேல் பொறுப்பேற்றார். கவிஞர் சுபத்ரா குமாரி சௌஹான் கைதானார், அவருக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் தொண்டர்கள் ரயிலேறிப் போனார்கள். ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் சிறை சென்ற பிறகு ஆகஸ்ட் 18 அன்று ஊர்வலம் தடையில்லாமல் அந்தச் சாலையைக் கடந்தது. இரண்டு தரப்பும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன.

வரலாற்றுப் புத்தகங்களில் நாகபுரி நிலைத்துவிட்டது, ஜபல்பூர் அடிக்குறிப்பாகிவிட்டது. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. நாகபுரியில் கேட்டது சாலையில் கொடியோடு நடக்கும் உரிமை. ஜபல்பூரில் எழுந்தது அதைவிடச் சிக்கலான கேள்வி: தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் தன் கட்டடத்தின் கம்பத்தில் எதை ஏற்றலாம் என்பதை முடிவு செய்வது அந்த மன்றமா, மேலே இருக்கும் அதிகாரியா?

சென்னையில் இதே கேள்வியை ஒருவர் தனி ஆளாகக் கேட்டார். 1932 ஜனவரி 26 அன்று ஆர்யா பாஷ்யம், புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிக்கம்பத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார். அது உள்ளாட்சிக் கட்டடம் இல்லை, மாகாண அரசின் தலைமைப் பீடம். அதே மாதம்தான் திருப்பூரில் கொடியைக் கையில் பிடித்தபடியே அடிபட்டு குமரன் உயிர்விட்டார்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றுக்கொண்டது. கொடியை முடிவு செய்ய அமைந்த தற்காலிகக் குழுவுக்குத் தலைவர் ராஜேந்திர பிரசாத், உறுப்பினர்களில் ஒருவர் ராஜாஜி. ஜபல்பூரில் அனுமதி கேட்டு நின்ற கூட்டத்தில் இருந்த இருவர். ராட்டை போய்ச் சக்கரம் வந்தது. சுதந்திர இந்தியா தரநிர்ணயம் என்று வகுக்க ஆரம்பித்தபோது வரிசையில் முதல் எண்ணைக் கொடிக்கே கொடுத்தது. ஐஎஸ் 1 என்பது கதர்த் துணியில் செய்யும் தேசியக் கொடிக்கான இந்தியத் தரம். ஆண்டு 1951. சிமென்டும் இரும்புக் கம்பியும் பிறகுதான் வந்தன.

சுதந்திரம் வந்ததும் கொடி மக்கள் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. உள்துறை அமைச்சகம் வகுத்த கொடி விதித்தொகுப்பு அதை அரசுக் கட்டடங்களுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டியது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரம் போன்ற சில நாட்களில் மட்டும் பொதுமக்கள் ஏற்றலாம் என்றிருந்தது. மற்ற நாட்களில் அது அரசின் கொடி. தினமும் ஏற்றத் தகுந்த முக்கியப் பொதுக் கட்டடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு: உயர் நீதிமன்றங்கள், தலைமைச் செயலகங்கள், ஆணையர் அலுவலகங்கள், கலெக்டர் அலுவலகங்கள், சிறைச்சாலைகள், மாவட்டக் குழுக்கள், நகராட்சிகள், மாவட்ட ஊராட்சிகள், பொதுத்துறை நிறுவனங்கள். நகராட்சியின் பெயர் இருக்கிறது. சிறைச்சாலைக்குப் பின்னால் இருக்கிறது என்றாலும் இருக்கிறது. கிராம ஊராட்சியின் பெயர் இல்லை. பட்டியலில் வரும் 'போன்ற' என்ற சொல்லுக்குள் அதை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டியலில் உள்ள கட்டடத்துக்கு விதி கடுமை. ஞாயிறு, விடுமுறை பாராமல் தினமும் ஏற்ற வேண்டும். சூரியன் எழும்போது ஏற்றி, மறையும்போது இறக்க வேண்டும். மழை, புயல் எதுவும் சாக்கு இல்லை. ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக, மரியாதையோடு. கம்பத்தின் உச்சிக்கு மேல் பூவோ மாலையோ சின்னமோ எதுவும் கூடாது. ஆனால் சுருட்டிய கொடிக்குள் பூவிதழ் வைத்துக் கட்டுவதற்குத் தனியாக ஒரு வரி போட்டு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் விழாவை அறிந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். நீளத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 3:2. அளவுகள் ஒன்பது, 6300-க்கு 4200 மில்லிமீட்டரில் ஆரம்பித்து மேசையில் வைக்கும் 150-க்கு 100 வரை. கிழிந்த கொடியை ஏற்றக்கூடாது. அதைக் குப்பையில் போடவும் கூடாது. ஆள் பார்க்காத இடத்தில் முழுதாக அழித்துவிட வேண்டும், எரிப்பது நல்லது என்று விதியே சொல்கிறது.

இன்னொரு விதி: தேசியக் கொடி பறக்கும் கம்பத்தில் வேறு எந்தக் கொடியும் சேர்ந்து பறக்கக்கூடாது. அதைவிட உயரமாகவோ அதற்குச் சமமாகப் பக்கத்திலோ வேறு கொடி நிற்கக்கூடாது. 1923-இல் ஜபல்பூர் அதிகாரி விதித்த நிபந்தனையை வைத்து இதைப் படித்தால், அன்று காங்கிரஸ்காரர்கள் எதற்காக மாட்டேன் என்றார்களோ அதையே பிறகு அவர்கள் அரசு விதியாக எழுதி வைத்தது தெரியும்.

நகராட்சி அலுவலகத்தில் இந்த விதிகளையெல்லாம் நடத்திக் காட்டுவது ஆணையரோ தலைவரோ இல்லை. அலுவலக உதவியாளரும் இரவுக் காவலரும்தான். அவர்களுக்குத் தலைவலி தருவது அரைக்கம்பம். கொடியை நேராகப் பாதியில் கொண்டுபோய் நிறுத்திவிடக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். யாருக்காக என்பதற்கும் வரிசை உண்டு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் இறந்தால் இந்தியா முழுவதும். ஆளுநரோ முதலமைச்சரோ இறந்தால் அந்த மாநிலம் முழுவதும். மாநில அமைச்சருக்கு மாநிலத் தலைநகரில் மட்டும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு உள்துறையின் தனி உத்தரவு வேண்டும். செய்தி பிற்பகலில் வந்தால் மறுநாளும் அரைக்கம்பம், மறுநாள் சூரிய உதயத்துக்கு முன் இறுதிச் சடங்கு முடியாமல் இருந்தால். சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் துக்கம் இருந்தாலும் கொடி உச்சியில்தான் பறக்க வேண்டும், உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தைத் தவிர. ஊருக்கு முப்பது வருடம் உழைத்த நகராட்சித் தலைவரே இறந்தாலும், அவர் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் கொடி பாதிக்கு இறங்க இந்தப் பட்டியலில் வழியில்லை. துக்கம்கூட மேலிருந்துதான் உத்தரவாகி வர வேண்டும்.

விதியை மீறினால் தண்டனை என்ற கதைக்கு ஊற்று நம் மாநிலம்தான். 1955-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்ட் 1 முதல் தேசியக் கொடியை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்தார். முதலமைச்சர் காமராஜர் இந்தியைக் கட்டாயமாக்க மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகு நிறுத்திவைத்தார். 1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காக்கும் பிரிவுகள் இருக்கின்றன என்று அரசியல் சட்டத்தை எரிக்கப்போவதாக அறிவித்தபோது, சென்னை மாநில அரசு அவசர அவசரமாக தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை. அதில் கொடியும் அரசியல் சட்டமும் காந்தி படமும் சிலையும் அடக்கம். ஆயிரக்கணக்கான திராவிடர் கழகத்தினர் எரித்துவிட்டுச் சிறை போனார்கள். நாடு முழுமைக்குமான மத்தியச் சட்டம் வந்தது 1971-இல்தான். மறைவில் எரித்தால் மரியாதை, சந்தியில் எரித்தால் மூன்று வருடம் என்று கொடியின் நெருப்புக்கு இரண்டு முகம் வந்து சேர்ந்தது இப்படி.

கயிறு யார் கையில் என்ற பழைய கேள்வி கோட்டையில் மறுபடி முளைத்தது 1974-இல். அதுவரை சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் மாநிலங்களில் கொடியேற்றியவர் ஆளுநர். டெல்லியில் பாருங்கள், ஆகஸ்ட் 15-இல் செங்கோட்டையில் ஏற்றுபவர் பிரதமர், தேர்ந்தெடுக்கப்பட்டவர். மாநிலத்தில் மட்டும் நியமிக்கப்பட்டவர் ஏன்? முதலமைச்சர் கருணாநிதி பிப்ரவரியில் பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். ஜூலையில் மத்திய அரசு இசைந்தது: ஜனவரி 26 ஆளுநருக்கு, ஆகஸ்ட் 15 முதலமைச்சருக்கு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் கருணாநிதி கொடியேற்றினார். எல்லா மாநில முதலமைச்சர்களும் இன்றுவரை அந்த ஏற்பாட்டில்தான் ஏற்றுகிறார்கள். நான்கு வருடம் முன்பு, 1970-இல், தமிழ்நாட்டுக்கென்று தேசியக் கொடியும் கோபுர முத்திரையும் சேர்ந்த ஒரு தனிக் கொடியை அவர் முன்வைத்திருந்தார். அது எந்தக் கட்டடத்திலும் ஏறவில்லை. 2018-இல் கர்நாடகம் மஞ்சள், வெள்ளை, சிவப்பில் ஒரு மாநிலக் கொடிக்கு ஒப்புதல் கொடுத்து டெல்லிக்கு அனுப்பியது வேறு கதை.

கொடி விதித்தொகுப்பைக் கடைசியில் உடைத்தவர் ஒரு தொழிலதிபர், உடைந்த இடமும் ஜபல்பூரும் நாகபுரியும் இருந்த பழைய மத்திய மாகாணப் பகுதிதான். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த நவீன் ஜிண்டால், இன்று சத்தீஸ்கரில் இருக்கும் ராய்கரில் தன் தொழிற்சாலையில் தினமும் கொடியேற்றினார். பிலாஸ்பூர் ஆணையர், தனியாருக்கு அந்த உரிமை இல்லை என்று நிறுத்தச் சொன்னார். ஜிண்டால் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், 1995-இல் வென்றார். மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பி.டி. ஷெனாய் தலைமையில் குழு போட்டு விதிகளைத் திருத்தி, 2002 ஜனவரி 26 முதல் புதிய இந்தியக் கொடி விதித்தொகுப்பை அமல்படுத்தியது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது கருத்துரிமையின் பகுதி, 19(1)(அ) பிரிவின் கீழ் வரும். கூடவே இன்னொன்றும் சொன்னது. இந்த விதித்தொகுப்பு நிர்வாகக் குறிப்புதான், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை.

அதற்குப் பிறகு தளர்வுகள் வரிசையாக வந்தன. 2009-இல் உயரமான நினைவுக் கம்பங்களில் விளக்கு போட்டு இரவும் பறக்கவிடலாம் என்றார்கள். 2021 டிசம்பரில் பாலியஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதி பெற்றன. ராட்டையில் பிறந்த கொடிக்கு மில் துணி! கதர் நெய்து கொடி தைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்காது. 2022 ஜூலையில், வீடுகளிலும் திறந்த வெளியிலும் இரவு பகல் இரண்டிலும் பறக்கலாம் என்றானது. அரசுக் கட்டடங்களுக்கான பழைய பகுதி அப்படியே நிற்கிறது. அதனால் நகராட்சி அலுவலகத்தின் எதிர்வீட்டு மாடியில் கொடி ராத்திரி முழுக்கப் பறக்கலாம். அலுவலகக் கொடியை மட்டும் பொழுது சாய்ந்ததும் காவலர் இறக்கியாக வேண்டும், மிகச் சிறப்பான நாள் என்றால் தவிர.

ஊராட்சிக்கு வருவோம். 2020 சுதந்திர தினத்துக்கு முன்பு, கொரோனாவை முன்னிட்டு உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. மாநிலத் தலைநகரில் முதலமைச்சர் ஏற்றுவார், மாவட்டத்தில் அமைச்சரோ கலெக்டரோ, என்று படிப்படியாக இறங்கி, ஊராட்சித் தலைமையிடத்தில் ஊராட்சித் தலைவர் ஏற்றுவார் என்று அதில் தெளிவாக இருந்தது. கயிறு யார் கையில் என்பது கடைசிப் படி வரை எழுத்தில் வந்துவிட்டது.

அந்த ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் தலைவர் கொடியேற்றவில்லை. ஏற்ற விடவில்லை. அவர் தலித் பெண். செய்தி வெளியே வந்த பிறகு ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஊருக்கு வந்து நின்று, அவரைக் கொண்டு கொடியேற்ற வைத்தார்கள்.

ஜபல்பூரில் தடுத்த அதிகாரிக்கு ஒரு பதவி இருந்தது, அவர் நிபந்தனைக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் செய்ய முடிந்தது. ஊராட்சியில் தடுப்பவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. நாற்காலி காட்டப்படாது, அழைப்பு வராது, "இந்த வருசம் அவரு ஏத்தட்டும்மா" என்று ஒரு பெரியவர் நயமாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒன்பது அளவு, 3:2 விகிதம், அரைக்கம்ப வரிசை என்று விவரமாக எழுதிய விதித்தொகுப்பு, கொடிக்குச் செய்யும் அவமதிப்பை எட்டு கோணத்தில் யோசித்தது. கொடியேற்றும் உரிமை உள்ளவருக்குச் செய்யும் அவமதிப்பை அது யோசிக்கவில்லை. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திடம்தான் போக வேண்டும்.

சுதந்திரத்தின் 75 ஆண்டுகள் நிறைந்த 2022-இல், வீடுதோறும் கொடி என்று நாடே ஆரவாரப்பட்ட அதே ஆகஸ்டில், தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஊராட்சிமன்றத் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் தேசியக் கொடியை ஏற்றுவதை உறுதிசெய்யுங்கள், தடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது.